சில்லறைத் தொல்லைகளின் கணக்கு

பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறவள் நான். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் பெரிய தொகைகளை முதலில் தேட மாட்டேன். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சீட்டோடு நிற்கும். தொலைந்த ரூபாய் பெரும்பாலும் தேநீர், ஆட்டோ, ஜெராக்ஸ் என்று யாரும் எழுதி வைக்காத சில்லறையில் ஒளிந்திருக்கும். மனத்தின் கணக்கும் அப்படியே உதைக்கிறது என்று புரிவதற்கு எனக்கு ஒரு மழைக்காலச் செவ்வாய்க்கிழமை வேண்டியிருந்தது.

மும்பையில், முலுண்டில் எங்கள் வீடு. அன்று காலை அடுப்பு லைட்டர் ஏழாவது சொடுக்கில்தான் பற்றியது. மழையில் உப்பியிருந்த வாசற்கதவு மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. தோளால் இடித்து மூடினேன். மூடிய பிறகுதான் சாவி உள்ளே, முந்தின நாள் பையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. மகள் திறந்துவிட்டாள்; மறுபடியும் ஓர் இடி. மழையால் ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். அலுவலகத்துக்குள் நுழைவதற்குள் கடன் வேண்டுமா என்று மூன்று அழைப்புகள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் பாதிச் சாம்பார் பைக்குள் இருந்தது. மாலையில் வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது மகள், "அம்மா, வெள்ளை நூல்கண்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நூல்கண்டு. நான் சொன்னது, அவள் பிறந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எதை எதை யார் யார் எங்கெங்கே போட்டார்கள் என்ற முழு வரலாறு.

"அலுவலகத்தில் ஏதாவது நடந்ததா?" என்றார் கணவர். யோசித்துப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. லைட்டர் பற்றவில்லை என்று ஒரு மனிதரிடம் எப்படி முறையிடுவது? சொல்லிக் காட்ட முடியாமல் இருப்பதுதான் இந்த வகைத் தொல்லையின் முதல் அடையாளம். பெரிய துன்பம் வந்தால் நாலு பேர் விசாரிக்க வருவார்கள். சாம்பார் கொட்டியதற்கு யாரும் வர மாட்டார்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். கோரிக்கைகள் நம் சக்திக்கு மேல் போகும்போது உடலும் மனமும் முறுக்கேறி நிற்பது ஒன்று. ஆங்கிலம் கலந்து பேசும்போது ஸ்ட்ரெஸ் என்கிறோமே, அது. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, மனம் இருண்டு கிடப்பது மற்றொன்று. அதற்கு மனச்சோர்வு என்ற சொல் பொருத்தம். அது ஒரு நோய், மருத்துவம் உண்டு. இங்கே நான் பேசுவது முதல் வகையை, அதிலும் அதன் சில்லறைப் பகுதியை.

அழுத்தத்தை அளக்க முனைந்தவர்கள் முதலில் பெரிய தொகைகளைத்தான் எண்ணினார்கள். 1967இல் அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹே என்ற இருவர் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50. பெரிய வீட்டுக் கடனுக்கு 31. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்ற நம் ஊர்ப் பேச்சுக்கு அவர்கள் எண் போட்டுக் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஆனால் கல்யாணமும் சாவும் தினமும் நடப்பதில்லை. மற்ற நாள்களில் மனிதர்கள் ஏன் களைத்துப்போகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லாசரஸின் குழு எடுத்துக்கொண்டது. அவர்கள் தயாரித்த பட்டியலில் 117 அன்றாடத் தொல்லைகளும் 135 அன்றாட மகிழ்ச்சிகளும் இருந்தன. 45 முதல் 64 வயது வரையான நூறு பேரிடம் மாதந்தோறும் பத்து மாதங்கள் அந்தப் பட்டியலைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள். 1981இல் ஆலன் கேனர் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரையின் முடிவு இது: ஒருவரிடம் மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் தென்படுமா என்று கணிக்க, பெரிய நிகழ்வுகளின் எண்ணிக்கையைவிட அன்றாடத் தொல்லைகளின் எண்ணிக்கை அதிகம் உதவியது.

அந்த நூறு பேர் அதிகம் குறித்த தொல்லைகள் எவை தெரியுமா? உடல் எடை பற்றிய கவலை, குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலை, விலைவாசி, வீட்டைப் பராமரிப்பது, செய்ய வேண்டியவை மலைபோல் குவிவது. இவற்றுக்கு அடுத்து, பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது. கலிபோர்னியாவின் ஏதோ ஒரு வீட்டில் 1980ஐ ஒட்டிய ஒரு காலையில் ஓர் அம்மாள் சாவியைத் தேடியிருக்கிறாள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நூறு பேர், ஒரே வட்டாரம், நடுத்தர வசதிக்காரர்கள். பட்டியலில் சில வரிகள் தொல்லையா, ஏற்கெனவே இருக்கும் மனக்குறைபாட்டின் அறிகுறியா என்று பிரிக்க முடியவில்லை என்று பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். ஆனாலும் சில்லறையையும் எண்ண வேண்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

உடம்புக்குள் நடக்கும் தேய்மானம்

லைட்டர் பற்றாதபோது உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்தோ எரிச்சலோ, மூளை ஒன்றை "கவனி" என்று குறித்த மறுகணம் நரம்பு வழியாகச் செய்தி இறங்குகிறது. சிறுநீரகங்களின் தலையில் குல்லா போல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் சேர்க்கிறது, செரிமானம் மெதுவாகிறது. இது நொடிகளில் நடப்பது. தொல்லை நீண்டால், அதே சுரப்பிகளின் வெளிப்புறத்திலிருந்து கார்ட்டிசால் வருகிறது. அது ஏறுவதற்கும் நேரம் எடுக்கும், இறங்குவதற்கும் நேரம் எடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் பிழை ஒன்றும் இல்லை. ஓடும் வண்டியைப் பிடிக்கவும், மழையில் சறுக்காமல் படியேறவும் இதுதான் உதவுகிறது. ஏறியது இறங்குவதற்கு முன் அடுத்தது வந்துவிடுவதில்தான் சிக்கல். லைட்டரின் முறுக்கு தளர்வதற்குள் கதவு, கதவின் முறுக்கு தளர்வதற்குள் சாவி. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் மறந்தே போயிருப்பேன். வரிசையாக வந்ததால் மாலையில் அந்தக் கணக்கு நூல்கண்டின் தலையில் விழுந்தது.

1993இல் புரூஸ் மக்யூவென், எலியட் ஸ்டெல்லர் என்ற இரு அறிவியலாளர்கள், அடிக்கடி முறுக்கேறி முழுதாகத் தளராத உடம்பு காலப்போக்கில் கொடுக்கும் விலைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதைத் தமிழில் சொல்ல எங்கள் தொழிலிலேயே சொல் இருக்கிறது: தேய்மானம். இயந்திரம் வாங்கிய நாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுதோறும் பேரேட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவோம். உடம்பில் அது இரத்த அழுத்தமாக, தூக்கமின்மையாக, அடிக்கடி வரும் தலைவலியாக எட்டிப் பார்க்கிறது.

எது அதிகம் அரிக்கிறது?

ஒரே தாமதம் ஒருவரை ஆட்டிவைக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எது வந்தாலும் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இதனால் எனக்கு என்ன ஆகும்? இதற்கு என்னால் என்ன செய்ய முடியும்? முதல் கேள்விக்குப் பெரிய பதிலும் இரண்டாம் கேள்விக்குச் சின்னப் பதிலும் வந்தால் அழுத்தம்.

இரண்டாம் கேள்வியின் பலத்தைக் காட்டுவதற்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர், ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, எதிர்பாராத நேரங்களில் பெரும் இரைச்சலைப் போட்டார்கள். இரண்டு பேர் ஸ்பானிய மொழியிலும் ஒருவர் ஆர்மீனிய மொழியிலும் பேசுவது, தட்டச்சுப்பொறி, கணக்கு இயந்திரம், நகலெடுக்கும் இயந்திரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. (வார நாளில் மும்பையின் தாதர் ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்றால் இதே ஒலி இலவசமாகக் கிடைக்கும்.) ஒரு சாராருக்கு மட்டும் ஒரு பொத்தான் கொடுத்து, "வேண்டுமென்றால் அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. இரு சாராரும் கேட்டது ஒரே இரைச்சல். ஆனால் பிறகு கொடுத்த கடினமான புதிர்களில் பொத்தான் இருந்தவர்கள் அதிகம் விடாமல் முயன்றார்கள். எழுத்துப் பிழை திருத்தும் வேலையிலும் அவர்கள் விட்ட பிழைகள் குறைவு. 1972இல் நகர வாழ்க்கையின் அழுத்தம் பற்றி அவர்கள் எழுதிய நூலில் இது விரிவாக இருக்கிறது.

அழுத்தாத பொத்தான் எப்படி உதவியது? நிறுத்த முடியும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது. இதைத்தான் தொடக்க நிலையில் ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம்மை அரிப்பது தொல்லையின் பருமன் மட்டும் இல்லை. எப்போது வரும், எப்போது முடியும், என் கையில் ஏதாவது இருக்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் இருப்பது அதைவிட அதிகமாக அரிக்கிறது.

காத்திருப்பிலும் இதுவே கதை. 1985இல் டேவிட் மைஸ்டர் வரிசையில் நிற்கும் மனிதர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கை சும்மா இருந்தால் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு இன்னும் நீளும்.

மும்பை ரயில்களின் பெண்கள் பெட்டிக்கு இது எப்போதோ தெரியும். காலை நெரிசலில் ஏறியவுடன் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஒவ்வொருவராக, இந்தியிலோ மராட்டியிலோ, "எங்கே இறங்குகிறீர்கள்?" என்று கேட்போம். "காட்கோபர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த இருக்கை உங்களுக்கு எழுதி வைத்தது மாதிரி. பக்கத்தில் நிற்பவர்களும் அதை மதிப்பார்கள். முலுண்டிலிருந்து காட்கோபர் வரை நிற்கத்தான் வேண்டும், கால் வலி ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஆனால் "உட்கார இடம் கிடைக்குமா" என்ற கேள்வி மனத்திலிருந்து இறங்கிவிடுகிறது. மூன்று பேர் இருக்கையில் ஓரமாக ஒட்டி உட்காரும் நாலாவது இருக்கையும் அப்படித்தான். பாதி உடம்பு வெளியே, ஆனால் உட்கார்ந்தாயிற்று.

தாதரிலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அங்கே இறங்கி மேற்கு ரயில் பக்கம் மாறி லோயர் பரேல் போகிறவள். பல காலம் தாதரில் இரண்டு ஒன்றாம் நடைமேடைகள் இருந்தன: மத்திய ரயிலுக்கு ஒன்று, மேற்கு ரயிலுக்கு ஒன்று. "ஒன்றாம் நம்பரில் நிற்கிறேன்" என்று சொன்ன பெரியம்மாவை ஒன்றாம் நம்பரில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். அவர் இன்னொரு ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். 2023 டிசம்பர் 9 முதல் மேற்கு ரயில் நடைமேடைகள் 1 முதல் 7 வரை அப்படியே இருக்க, மத்திய ரயில் நடைமேடைகளுக்கு 8 முதல் 14 வரை எண் போட்டார்கள். புதிய தண்டவாளம் போடவில்லை. பலகைகளை மாற்றினார்கள், அறிவிப்பை மாற்றினார்கள். அத்தனை ஆண்டுக் குழப்பம் எண்ணோடு போயிற்று.

வீட்டுக்குள்ளும் இப்படி எண் மாற்றினால் தீரும் தொல்லைகள் எத்தனை இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன்.

கதவு

வாசற்கதவு மூன்று மழைக்காலமாக உப்பியது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நாளைக்குக் குறைந்தது நான்கு இடி. ஒருமுறைகூட அதை ஒரு "பிரச்சினை" என்று நாங்கள் நினைத்ததில்லை. மழைக்காலம் முடிந்தால் தானாகச் சரியாகும், அப்போது மறந்துவிடுவோம். அடுத்த ஜூனில் மறுபடியும் தோள்.

நூல்கண்டு விவகாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சரை அழைத்து வந்தேன். அவர் கதவைத் திறந்து மூடி, மேல் ஓரத்தில் விரலை ஓட்டி, ஒரு பென்சிலால் கோடு போட்டார். பிறகு இழைப்புளியை எடுத்துத் தள்ளினார். சுருள் சுருளாக ஈர மரச் சீவல் விழுந்தது, மகள் அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். சீவிய இடத்தில் ஈரம் ஏறாமல் இருக்க வார்னிஷ் பூசச் சொன்னார், காய்ந்த பிறகு. மொத்தம் பத்து நிமிடம். இப்போது கதவு ஒற்றை விரலுக்கு மூடுகிறது. முதல் ஒரு வாரம் பழக்கத்தில் தோளைக் கொடுத்து, கதவோடு சேர்ந்து நானும் உள்ளே விழப்பார்த்தேன்.

நாளைக்கு நான்கு என்று வைத்தாலும் மூன்று மழைக்காலத்துக்கு ஆயிரத்துக்கு மேல் இடி. ஒரே ஒருமுறை செய்தால் தீர்ந்துவிடும் தொல்லையை ஆயிரம் முறை பொறுத்துக்கொள்வதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தேன். கணக்கெழுதுகிறவளுக்கு இது அவமானம்.

ஆகவே என் முதல் யோசனை தியானம் இல்லை, ஒரு தாள். ஒரு வாரம் முழுக்க, எரிச்சல் வந்த உடனே ஒரு வரி எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், "லைட்டர்", "சாவி", "சித்தப்பாவின் காலை வணக்கப் படங்கள்" என்று போதும். வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் ஒரே சொல் நாலைந்து முறை வந்திருக்கும். அவற்றில் ஒருமுறை செய்தால் தீர்வது எது என்று பார்த்து, முதலில் அதைச் செய்யுங்கள். என் தாளில் "சாவி" ஆறு முறை இருந்தது. கதவுக்கு உட்புறம் ஓர் ஆணி அடித்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் கை முதலில் அங்கே போக வேண்டும், பிறகுதான் செருப்பு. பழகுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று, நடுவில் இரண்டு நாள் ஆணியில் குடையைத் தொங்கவிட்டோம்.

கடன் அழைப்புகளுக்கு 1909 என்ற எண்ணை அழைத்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யலாம். விளம்பர அழைப்புகளுக்கென 140இல் தொடங்கும் எண்களையும், வங்கி போன்றவற்றின் அவசியமான அழைப்புகளுக்கு 1600இல் தொடங்கும் எண்களையும் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் எதை எடுப்பது, எதை விடுவது என்று மணி அடிக்கும்போதே முடிவு செய்யலாம். விதியை மதிக்காமல் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து அழைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பாதி குறைந்தாலும் எனக்கு லாபம். குடும்ப வாட்ஸாப் குழுவை "எப்போதும்" என்ற கால அளவில் ஒலியடக்கி வைத்தால் சித்தப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானாகத் திறந்து எல்லாப் பூக்களையும் ஒரேயடியாகப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுகிறேன். பொத்தான் என் கையில்.

தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பெர்லினில் பயின்ற ப்ளூமா சைகார்னிக், முடிந்த வேலையைவிட முடியாத வேலை மனத்தில் அதிகம் நிற்கிறது என்று 1927இல் எழுதினார். அதை மறுபடி சோதித்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் காட்டியது நடைமுறைக்கு உதவும்: முடிக்காத வேலை வேறு வேலையின் நடுவே வந்து தொந்தரவு செய்கிறது, எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டம் எழுதியவர்களுக்கு, வேலையை இன்னும் செய்யாதபோதும், அந்தத் தொந்தரவு குறைந்தது. ஆகவே "வார்னிஷ்" என்று எழுதினால் போதாது. "சனிக்கிழமை, காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் வார்னிஷ்" என்று எழுத வேண்டும். தூங்கப்போகும் முன் மூன்று வரி இப்படி எழுதிப் பாருங்கள்.

கையில் இல்லாதவை

மழையை இழைப்புளியால் சீவ முடியாது. மேலதிகாரியின் குரலை ஆணியில் மாட்ட முடியாது. தொல்லையை மாற்ற முடியாதபோது நம் முறுக்கைத் தளர்த்துவது இரண்டாவது வழி. இதில் நான் நம்புவது ஒன்றிரண்டுதான்.

மூச்சு. இதை நம்பாதவர்கள் இப்போதே சோதிக்கலாம். இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். நாடி சற்று விரையும். அதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நாடி தயங்கித் தயங்கி அடிக்கும். மூச்சை விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்கிறது. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இரண்டு நிமிடம் செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தாத்தா சந்தியாவந்தனத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நாங்கள் சிறுவயதில் கேலி செய்திருக்கிறோம். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

காபி. இதை எழுதுவதற்கு மனம் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். காபியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். மாலை ஆறு மணிக்குக் குடித்த டம்ளரில் பாதி இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூக்கம் குறைந்தவருக்கு மறுநாள் எல்லா லைட்டரும் பற்றாது. தமிழர் கடைகள் உள்ள மாட்டுங்காவில் காபித் தூள் அரைக்கும்போது சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லலாம், சிக்கரியில் காஃபின் கிடையாது. என் அம்மா காதில் விழுந்தால் வீட்டுக்குள் விடமாட்டார். நான் சிக்கரியைத் தொடவில்லை, மாலைக் காபியை நாலு மணிக்கு முன்னால் நகர்த்திக்கொண்டேன்.

எரிச்சலை வெளியே கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிக்னலில் ஹார்ன் அடிப்பவரைப் பாருங்கள், அடிக்க அடிக்க அவர் முகம் இன்னும் சிவக்கிறது. 2020 தொடக்கத்தில் மும்பை போக்குவரத்துக் காவல்துறை ஒரு காணொளி வெளியிட்டது. சில சந்திப்புகளில் சிக்னலோடு ஒலி அளக்கும் கருவியை இணைத்து, இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்படி செய்திருந்தார்கள். கொட்டினால் காத்திருப்பு கூடும் என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

பெர்க்லிப் பட்டியலின் இன்னொரு பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 135 மகிழ்ச்சிகளில் அந்த நூறு பேர் அதிகம் குறித்தவை: துணையோடு நல்லபடியாக இருப்பது, நண்பர்களோடு நல்லபடியாக இருப்பது, மூன்றாவதாக ஒரு வேலையை முடிப்பது. போதுமான தூக்கமும், வெளியே போய்ச் சாப்பிடுவதும், ஒருவருக்கு ஃபோன் செய்வதும் முதல் பத்துக்குள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை தாதரிலிருந்து திரும்பும்போது சில சமயம் மாட்டுங்காவில் இறங்கி, சாலையோரக் கடையில் கட்டிய மல்லிகை ஒரு முழமும் வாழையிலை நாலும் வாங்குகிறேன். மாட்டுங்காவில் ஃபாஸ்ட் நிற்காது, அதற்காகவே ஸ்லோ வண்டி பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் போகும். அந்த இருபது நிமிடத்தை நான் செலவில் எழுதுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன எதுவும் பெரிய கணக்குக்கு உதவாது. பன்னிரண்டு மணி நேர வேலை, கந்துவட்டி, வீட்டில் அடிக்கும் மனிதர் என்று இருப்பவரிடம் போய் மூச்சை எண்ணச் சொல்வது கேவலம். அங்கே மாற வேண்டியது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருமானால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மராட்டியிலும் இந்தியிலும் சமாளிக்கிற நம்மால்கூட மனம் உடையும்போது பிறந்த மொழியில்தான் பேச முடிகிறது, அதனால் இதைச் சொல்கிறேன்.

லைட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாளில் முதல் வரியே அதுதான். கதவு முடிந்தது, சாவி முடிந்தது, சாம்பாருக்கு ரப்பர் வளையம் வைத்த புது டப்பா வந்தது. லைட்டர் மட்டும் இன்னும் ஏழாவது சொடுக்கில்தான் பற்றுகிறது. இன்று காலை அதன் பக்கத்தில் எழுதிவிட்டேன்: வியாழக்கிழமை மாலை, முலுண்ட் நிலையத்துக்கு வெளியே, பாத்திரக் கடை.